மச்சாள் விசாரித்த கம்பஸ்

ஒரு முதுகுப்பைக்காக மனைவியின் சீதனக் காணியை விற்கப் புறப்பட்டவன் நான்.

நல்ல பைதான். கறுப்பு நிறம், மடிக்கணினி வைக்கத் தனி அறை, பக்கவாட்டில் தண்ணீர்ப் போத்தலுக்கு ஒரு வலை. மன்னார் நகரத்து மண்டபம் ஒன்றில் நடந்த கல்விக் கண்காட்சியில், கொழும்பிலிருந்து வந்திருந்த ஒரு கல்லூரியின் மேசையில் என் பெயரை எழுதிக் கொடுத்ததும் கையில் தந்தார்கள். தந்த பெண் என்னை ‘சேர்’ என்று அழைத்தார். எத்தனையோ வருடமாக அரச கந்தோரில் எழுதுவினைஞராக இருக்கிறேன். அங்கே ஒருவரும் என்னை அப்படி அழைத்ததில்லை. அவருக்குப் பின்னால் ஒரு பெரிய படம் தொங்கியது. கண்ணாடிக் கட்டடம், வெளியிலிருந்தே தெரியும் மின்தூக்கி, புல்தரையில் மடிக்கணினியோடு சிரித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள். என் மகளுக்கு மென்பொருள் பொறியியல் படிக்க ஆசை. மென்பொருளை எப்படிச் செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. புல்தரையில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துச் செய்வார்கள் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

பேசாலைக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே கல்லூரியைத் தெரிவு செய்து முடித்துவிட்டேன். மகளைக் கண்காட்சிக்குக் கூட்டிப்போகவே இல்லை என்பது, வீட்டு வாசலில் அவளைக் கண்டபோதுதான் உறைத்தது.

என் பங்கு இவ்வளவுதான். மிச்சம் மச்சாளுடையது.

மச்சாள் என் மனைவியின் மூத்த தமக்கை. அரிப்பு என்ற ஊரில் இருந்தார். பெயரை எழுத மாட்டேன். ஊரில் எல்லோரையும் பற்றி விசாரித்த அவருக்கு, தன்னைப் பற்றி யாராவது விசாரித்தால் பிடிக்காது.

எங்கள் பக்கத்தில் ஒரு சம்பந்தம் வந்தால், மாப்பிள்ளை வீட்டுக்கு நாங்கள் போவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் ஊருக்கு ஓர் ஆள் போகும். கடையில், சலூனில், கோயிலடியில் மெல்லக் கதை கொடுத்து, பெடியன் எப்படி, குடிப்பானா, கை நீட்டுவானா, தாய் எப்படிப்பட்டவர் என்று பிடித்துக்கொண்டு வரும். எங்கள் சொந்தத்தில் அந்த ஆள் மச்சாள்தான். தரகர் அல்ல, இதற்காக யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. சிலருக்குப் பாட்டு வருகிறது, சிலருக்குச் சமையல் வருகிறது, மச்சாளுக்கு விசாரணை வந்தது. முதுகுக்குப் பின்னால் ‘புலனாய்வு மாமி’ என்பார்கள். எங்கள் கரையில் புலனாய்வு என்ற சொல்லைக் கேட்டு யாரும் சிரிப்பது கிடையாது. அவரைச் சொல்லும்போது மட்டும் சிரித்தார்கள்.

அவருடைய விசாரணைக்குச் சில ஒழுங்குகள் இருந்தன. சம்பந்தப்பட்டவரைக் கேட்கவே கூடாது. பக்கத்தில் இருக்கிறவரைக் கேட்க வேண்டும். கேட்கும் இடத்தில் ஏதாவது வாங்க வேண்டும். கதிரை தந்தால் உட்காரக் கூடாது. “இருந்தால் தேத்தண்ணி தருவினம். தேத்தண்ணி தந்த பிறகு நல்லதைத்தான் சொல்லுவினம்” என்பார். இரண்டாவது ஒழுங்கினால் அரிப்பு வீட்டு அலுமாரி நிரம்பி வழிந்தது. கட்டுக் கட்டாகத் தீப்பெட்டி, சீப்பு, மெழுகுதிரி, ஒருவரும் போடாத அளவில் பாட்டாச் செருப்பு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கலியாணம் இருந்தது, அல்லது நடக்காமல் போன ஒரு கலியாணம்.

சண்டைக் காலத்தில் பல வருடம் தமிழ்நாட்டு முகாமில் இருந்துவிட்டு வந்த குடும்பம் அது. அங்கே ஒரு குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் இடையில் ஒரு சேலைதான் சுவர் என்று மனைவி சொல்லுவாள். பக்கத்து வீட்டைக் கேட்டால் போதும் என்ற கொள்கை அந்தச் சேலைக்குப் பின்னால்தான் பிறந்திருக்க வேண்டும். அங்கே பழகிய சனம் பிறகு மாவட்டம் முழுவதும் சிதறிப் போய்க் குடியேறியது. மச்சாளுக்குத் தெரியாத சந்தி இல்லாமற்போனது அப்படித்தான்.

மீன் வாங்கினாலும் இதே கதை. மீன்காரரோடு ஒரு வார்த்தை பேச மாட்டார். ஐஸ் உடைக்கிறவரிடம் போய், இன்றைக்கு எந்தப் பெட்டிக்குக் கூட ஐஸ் போட்டீர்கள் என்று கேட்பார். கூடப் போட்ட பெட்டி நேற்றையது. கோயில் பங்குக்குப் பாதிரியாராகப் புதிய சுவாமி வந்தபோது, முதல்நாள் வரவேற்பில் எல்லோருக்கும் சீனி போட்ட தேநீர், சுவாமிக்கு மட்டும் சீனி இல்லாமல் வந்தது. அவர் கோப்பையைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார். தனக்கு நீரிழிவு என்று மேற்றிராணியாரிடம்கூட அவர் இன்னும் சொல்லவில்லையாம். அவர் முன்பிருந்த பங்கின் மருந்துக்கடைக்கு மச்சாள் போய் ஒரு வலித்தைலம் வாங்கியிருந்தது அவருக்குத் தெரியாது.

எல்லாரும் இதை ரசித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். பூசைக்கு மச்சாள் வந்து ஒரு மர வாங்கில் உட்கார்ந்தால், எழும்பி வேறு வாங்குக்குப் போகிறவர்களும் இருந்தார்கள். எனக்கும் கொஞ்சம் பயம்தான். பொழுதுபோக்காகப் பத்திரிகைகளுக்கு நகைச்சுவை எழுதுகிறவன் நான். அரிப்புக்குப் போகும் நாட்களில், என்னைப் பற்றி என்ன தெரிந்து வைத்திருக்கிறாரோ என்று நினைத்து, அங்கே நகைச்சுவையாக எதுவும் பேசுவதில்லை.

ஆனால் அவருடைய விசாரணையின் உச்சம் வேறு. ஒன்றுவிட்ட தங்கை ஒருத்திக்கு இத்தாலி மாப்பிள்ளை பேசி வந்தபோது எல்லோரும் அவனைப் புகழ்ந்தார்கள். மச்சாளுக்குத் திருப்தி இல்லை. அதே பெடியனுக்கு முன்பு பேசிக் குழம்பிப்போன சம்பந்தம் ஒன்று உண்டு என்று கண்டுபிடித்து, அந்தப் பெண்ணைத் தேடிப் போனார். “பெத்தவளுக்கும் தெரியாது, கட்டப் போறவளுக்கும் தெரியாது. வேண்டாம் எண்டு விட்டிட்டு வந்தவளுக்குத்தான் அவனைத் தெரியும்” என்றார். அந்தப் பெண், பெடியன் தங்கமானவன், தாயின் வாய்தான் தாங்காது என்று சொல்லியிருக்கிறாள். கட்டலாம், ஆனால் மாமியாரோடு ஒரே வீட்டில் இருக்கக் கூடாது என்று மச்சாள் தீர்ப்புச் சொன்னார். கட்டினார்கள். மிலானில் நன்றாக இருக்கிறார்கள். மாமியார் பேசாலையில் இருக்கிறார், நாங்கள் தாங்குகிறோம்.

இனி என் பைக்கு வருகிறேன்.

நறுவிலிக்குளத்தில் குளத்துக்குக் கீழே மனைவியின் வயல். தண்ணீருக்கு ஒருநாளும் குறை வந்ததில்லை. எங்கள் வீட்டுச் சோறு அங்கேயிருந்துதான் வருகிறது. கண்ணாடிக் கட்டடத்துக்கான கட்டணத்துக்கு அந்த வயலைத் தவிர எங்களிடம் வேறு எதுவும் இல்லை. வாங்குவதற்கு ஒருவர் வந்து வரம்பில் நடந்து பார்த்துவிட்டுப் போனார். முற்பணத்துக்கு நாள் வைத்தாயிற்று. மனைவி என்னோடு சண்டை பிடிக்கவில்லை. அதைவிட மோசமான காரியத்தைச் செய்தாள்: அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

மச்சாள் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார். வழக்கம்போலக் கதிரையில் இருக்கவில்லை.

“தம்பி, ஆரிட்ட விசாரிச்சனீங்கள்?”

இணையத்தில் பார்த்தேன் என்றேன். ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் இருப்பதை விளக்கினேன்.

“நட்சத்திரம் போட்டது ஆர்?”

“அங்க படிக்கிற பிள்ளையள்.”

“அதுகள் உள்ளுக்கை எல்லோ இருக்குதுகள். உள்ளுக்கை இருந்துகொண்டு ஆர் குறை சொல்லுவினம்? இடையில விட்டிட்டு வந்த பிள்ளை ஒண்டைக் காட்டுங்கோ.”

அப்படி யாரும் இருக்க மாட்டார்கள் என்றேன்.

“கலியாணத்தையே இடையில விட்டிட்டு வருகினம். கம்பஸ் என்ன, அதைவிடப் பெரிசே?”

பிறகு, நான் இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தார். மகளைக் கூப்பிட்டு, உனக்கு எங்கே விருப்பம் என்று கேட்டார்.

“வவுனியாவில ஒண்டு இருக்கு, பெரியம்மா. அப்பாவிட்டச் சொன்னனான்.”

“அப்பா என்ன சொன்னவர்?”

“இரும்புக்கடைக்கு மேல இருக்காம்.”

உண்மைதான், அதைச் சொல்லித்தான் தட்டிவிட்டிருந்தேன். கீழே கம்பியும் சீமெந்தும் விற்கும் கடை, மேலே இரண்டு மாடியில் வகுப்புகள். அவர்கள் தரும் பட்டத்தை அரசாங்கம் ஏற்றுக்கொண்டிருந்தது. அந்தக் கட்டடத்தை ஏற்றுக்கொள்ள எனக்குத்தான் மனம் வரவில்லை. மச்சாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். “இரும்புக்கடைக்காரன் தன்ர கட்டடத்துக்குக் கம்பி குறைச்சே போட்டிருப்பான்?” என்று மட்டும் கேட்டார்.

முற்பணத்துக்கு நாள் கிட்டிக்கொண்டிருந்தது. மச்சாள் அதற்கு முன்னாலேயே விட்டுவிட்டு வந்த பிள்ளையைக் கண்டுபிடித்துவிட்டார். வெள்ளாங்குளத்தில் ஒரு பெண். தாய், முகாமில் சேலைக்கு அந்தப் பக்கம் இருந்தவர். நானும் மகளும் மச்சாளும் போனோம். அந்தப் பிள்ளை இப்போது ஒரு புத்தகக் கடையில் வேலை செய்கிறாள். கண்ணாடிக் கட்டடத்தைப் பற்றி ஒரு பொய்யும் சொல்லவில்லை. புல்தரை இருக்கிறது, மின்தூக்கி வேலை செய்கிறது, படிப்பித்தவர்களிலும் நல்லவர்கள் இருந்தார்கள். ஆனால் கடைசி வருடத்தை வெளிநாட்டில் போய்த்தான் முடிக்க வேண்டும். போகாவிட்டால் பட்டம் இல்லை. சேரும்போது ‘வெளிநாட்டில் முடிக்கலாம்’ என்றுதான் சொன்னார்களாம். அது வாய்ப்பு என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பையைத் தந்த பெண் அதைச் சொன்னபோது நான் புளகாங்கிதம் அடைந்ததுகூட ஞாபகம் வந்தது.

“படிப்புப் பிழை எண்டு சொல்லமாட்டன், தங்கச்சி” என்று அந்தப் பிள்ளை என் மகளிடம் மெல்லச் சொன்னாள். “என்னால முடிக்கேலாமப் போச்சு. அவ்வளவுதான்.”

தாய் முற்றத்தில் நின்று, தங்கள் தோட்டக்காணியும் அதோடு போய்விட்டது என்றார். அழவில்லை. வேலிக்கு அப்பால் இருந்த காணியைக் கையால் காட்டினார். அங்கே வேறு யாரோ மிளகாய் போட்டிருந்தார்கள். மச்சாள் அன்றைக்கு மட்டும் தேநீரை வாங்கி, திண்டில் இருந்து குடித்தார்.

திரும்பி வரும் வழி முழுக்க நான் நறுவிலிக்குளத்து வரம்பைப் பற்றி நினைத்துக்கொண்டு வந்தேன். மச்சாள் வவுனியாவைப் பற்றி நினைத்துக்கொண்டு வந்தார்.

வவுனியாவுக்கு அவர் தனியாகவே போனார். நான் வந்தால் எல்லோரிடமும் நேராகக் கேட்டுக் கெடுத்துவிடுவேனாம். போனவர் பின்னேரம் ஒரு கட்டுக் கடதாசியோடு வந்தார். எல்லாமே அவருடைய அடையாள அட்டையின் போட்டோப் பிரதிகள். இரும்புக்கடைக்குப் பக்கத்தில் இருந்தது போட்டோப் பிரதிக் கடை. அங்கே வாங்குவதற்கு வேறு என்ன இருக்கிறது? கதை முடியும் வரைக்கும் இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று எடுத்திருக்கிறார்.

கடைக்காரர் கொட்டித் தீர்த்துவிட்டாராம். கம்பஸுக்குப் பக்கத்தில் கடை போட்டால் பிள்ளைகள் ஒருவர் எழுதிக் கொடுக்கும் ஒப்படையை இருபது பேர் பிரதி எடுப்பார்கள் என்று நம்பித்தான் கடையைத் திறந்தாராம். ஆனால் அங்கே இருக்கும் தலைமை மாஸ்டர், ஒவ்வொரு பிள்ளையையும் தனக்கு முன்னால் இருத்தி, எழுதினதை வரி வரியாக விளங்கப்படுத்தச் சொல்லுவாராம். பார்த்து எழுதினவர்கள் அகப்படுவார்கள். “அந்த மனிசனால எனக்கு வியாபாரம் இல்லையம்மா” என்று கடைக்காரர் சொன்னதை மச்சாள் ஒரு வேதவாக்கைப் போல எங்களுக்குத் திருப்பிச் சொன்னார். பிள்ளைகள் நித்திரை இல்லாமல் முகம் வீங்கித் திரிகிறார்களாம். அதுவும் அவருக்குப் பிடித்திருந்தது.

எல்லாம் சரியாகத்தான் நடந்திருந்தது. ஒரு சிறு விடயத்தைத் தவிர. மச்சாளுக்கு விசாரிக்கத் தெரிந்த முறை ஒன்றுதான்.

இரண்டு நாள் கழித்துத் தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. மிகவும் மரியாதையான குரல். தான் வவுனியாவில் அந்தக் கம்பஸில் படிப்பிக்கும் மாஸ்டர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார்.

“ஐயா, உங்கட ஆக்கள் ஒரு அம்மா வந்து என்னைப் பற்றி விசாரிச்சவவாம். எந்த ஊர், குடிக்கிறனானோ, கோவக்காரனோ, இரவில எத்தினை மணிக்கு வீட்டை போறனான், தாய் தகப்பன் என்னோடயோ எண்டெல்லாம் கேட்டவவாம். உங்கட நம்பரையும் குடுத்திட்டுப் போயிருக்கிறா.”

“ஓம்” என்றேன். வேறு என்ன சொல்வது?

“நீங்கள் மனம் நோகக்கூடாது, ஐயா. எனக்குக் கலியாணம் முடிஞ்சுது. ரெண்டு பிள்ளையளும் இருக்கு.”

கலியாணத்துக்கு அல்ல, படிப்புக்குத்தான் என்று ஒருவாறு விளங்கப்படுத்தினேன். அவர் சிரிக்கத் தொடங்கி, நெடுநேரம் நிறுத்தவில்லை.

“அதை நேர என்னட்டையே கேட்டிருக்கலாமே, ஐயா?”

“உங்களிட்டக் கேட்டால் நல்லம் எண்டுதான் சொல்லுவீங்களாம்.”

“இல்லை. நான் நல்லம் எண்டு சொல்லமாட்டன்” என்றார். பிறகு அவர் சொன்னவற்றை எந்தக் கண்காட்சி மேசையிலும் நான் கேட்டதில்லை. கணினிகளில் பாதி பழையவை. நான்கு பாடத்தை அவர் ஒருவரே படிப்பிக்கிறார். ஆங்கிலம் குறைந்த பிள்ளைகள் முதல் வருடம் அழுவார்கள், சிலர் விட்டுவிட்டுப் போவார்கள். கடைசி வருடம் ஒவ்வொருவரும் ஒரு கடைக்கோ ஒரு சங்கத்துக்கோ உண்மையான வேலையாகச் செய்து கொடுக்க வேண்டும். அவர்கள் அதைப் பாவித்துப் பார்த்துச் சரி என்றால்தான் அந்தப் பிள்ளை சித்தியடையும். பிறகு, பிள்ளையோடு கதைக்கலாமா என்று கேட்டார்.

மகளிடம் கொடுத்தேன். சோதனையில் என்ன பெறுபேறு என்று அவர் கேட்கவில்லை. நீங்கள் செய்ததில் ஓடாமல் போன ஒன்றைச் சொல்லுங்கள் என்றாராம். அவள் மன்னாருக்கும் தலைமன்னாருக்கும் இடையில் ஓடும் பஸ்களுக்கு நேரம் பார்க்கும் செயலி ஒன்று செய்திருக்கிறாள். செயலியில் பிழை இல்லை, பஸ்களில்தான் பிழை. எந்த பஸ்ஸும் தன் நேரத்தை மதிக்காததால் செயலி எப்போதும் பொய் சொன்னது. அதை அவரிடம் சொன்னாள். அவர் ஏதோ கேட்டார். அவள் எழும்பி நடந்து நடந்து சொன்னாள். எங்கள் வீட்டில் நாலு சொல்லுக்கு மேல் ஒன்றாகச் சொல்லாத பிள்ளை அது. இப்படி ஒரு பிள்ளை வீட்டில் இருந்ததை, கலியாணமான ஒரு மனிதரைத் தவறுதலாக மாப்பிள்ளை பேசப் போய்த்தான் நான் அறிந்தேன்.

வயலை விற்கவில்லை. வாங்க வந்தவரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கோபித்தார், அவர் கோபித்தது நியாயம்.

மகள் வவுனியாவுக்குப் போனாள். விடுதி வீட்டை மச்சாள் விசாரித்தார் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. பக்கத்துக் கடையில் வாங்கிய, கொசு விரட்டும் நுளம்புத்திரி மூன்று வருடத்துக்கும் போதுமாக இருந்தது. முதல் தவணையில் மகள் தொலைபேசியில் அழுதாள். மச்சாள் ஒலிபெருக்கியில், “அழுதனியோ? நல்லம். மாஸ்டர் சொன்னபடிதான் நடக்குது” என்றார். அவள் அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். கடைசி வருடத்தில் நறுவிலிக்குளத்துக் கமக்காரர் சங்கத்துக்கு நீர் முறை பார்க்க ஒரு செயலி செய்து கொடுத்தாள். குளத்துத் தண்ணீர் பஸ்ஸைவிட நேரத்துக்கு வரும், அதனால் அது ஓடியது. இப்போது ஒரு நிறுவனத்தில் மென்பொருள் பொறியியலாளர். பாதி நாள் பேசாலை வீட்டு அறையிலிருந்தே வேலை. கதவு சாத்தியிருக்கும். நான் கதவுக்கு வெளியே நின்று, அவள் ஆங்கிலத்தில் யாரோடோ வாதாடுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். விளங்காது. ஆனாலும் நிற்பேன்.

மச்சாள் கடைசியாக விசாரித்தது தன்னுடைய அறுவைச் சிகிச்சை வைத்தியரை. நாங்கள் வைத்தியரிடம் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், மச்சாள் வார்ட்டில் தரை துடைக்கிற பெண்ணிடம் கேட்டுவிட்டார். “கை நல்ல கையாம், ஆள் தன்மையாம். ஆனா என்ர நோய் வருத்தத்தைப் பற்றிச் சொல்லேக்குள்ள அந்தப் பிள்ளை கீழ பார்த்தது” என்று மனைவியிடம் சொன்னார். எங்களுக்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. எங்களுக்குத் தெரியாது என்று நினைத்து, சாகும் வரைக்கும் ‘ஒண்டுமில்லை’ என்று எங்களைத் தேற்றிக்கொண்டே இருந்தார்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, அரிப்பு வீட்டில் சாப்பாட்டுக்கு இருந்தோம். சொந்தம் முழுவதும் வந்திருந்தது. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. எழும்பி நின்று, என் மகளின் படிப்பும் வேலையும் மச்சாள் போட்ட பிச்சை, அவர் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளையின் வாழ்க்கை என்னவாகியிருக்கும் என்று கொஞ்சம் நீளமாகவே பேசிவிட்டேன். இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். அதில் ஒருவர் முன்பு வாங்கு மாறி இருந்தவர்.

பக்கத்தில் என் சகலன், மச்சாளின் கணவர், சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அந்த வீட்டில் பேச்சு முழுவதையும் ஒருவரே எடுத்துக்கொண்டதால் அவர் அதிகம் பேசிப் பழகாதவர். நான் உட்கார்ந்ததும் என் பக்கம் கொஞ்சம் சாய்ந்தார்.

“தம்பி, பிள்ளையைப் பற்றி அவ ஒருநாளும் யோசிக்கேல்லை. ‘அது எங்க விட்டாலும் படிச்சிடும், ஒரு பையில மயங்கின தகப்பனைத்தான் தனிய விடேலாது’ எண்டு சொல்லித்தான் வவுனியா பஸ் ஏறினவ.”